மூலப் பாடமும் மோட்டார்ப் புகைக்குழாயும்

பழைய மாணவன், பயிற்றப்பட்ட தமிழாசிரியன், மாங்கேணி

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க் குழுவினர் விடுத்த அன்புக் கடிதம் என் கையை எட்டிய வேளையில், யான் எமது வளவிலுள்ள வேப்பமர நிழலில், பழைய மொறிஸ் மைனர் வண்டி ஒன்றின் கீழே மல்லாந்து கிடந்தேன். முகத்திலும் மார்பிலும் கறள் உதிர்ந்து படிந்திருந்தது. கடிதத்தைக் கொண்டுவந்த என் மகள், "அப்பா, உங்களிடம் தமிழ்க் கட்டுரை கேட்கிறார்கள், நீங்கள் இந்தக் கோலத்தில் இருப்பதை அவர்கள் கண்டால் கேட்பார்களா?" என்றாள். தமிழாசிரியன் எழுதினால் சங்க இலக்கியத்தைப் பற்றியோ சைவ சித்தாந்தத்தைப் பற்றியோ எழுதுவான் என்றே மலர்க் குழுவினர் எண்ணியிருப்பர். யானும் அவ்வாறே எண்ணினேன். ஆயினும் மூன்று திங்களாக என் சிந்தை முழுவதையும் கவர்ந்திருந்தது ஒரு சைலன்சரேயாதலால், அதனைப் பற்றி எழுதுவதே நேர்மை எனத் துணிந்தேன். அன்பர்கள் பொறுத்தருள்க.

பழைய மோட்டார் வண்டியொன்றன் புகைக்குழாய் பழுதுற்றால், அது பிறந்தபோது இருந்தவாறே அதனை மீளச் செய்தல் வேண்டுமா, அன்றி ஓடினாற் போதும் எனக் கிடைத்ததை மாட்டிவிடலாமா என்பதே வினா. கேட்பதற்கு மிகச் சிறிய வினாவே. எங்கள் வீட்டிலோ அது மூன்று தலைமுறையினரை மூன்று கட்சியாக்கிவிட்டது.

வண்டியின் வரலாற்றை முதலிற் கூறுதல் தகும். அது என் மாமனாருடையது. அவர் வடமராட்சியைச் சேர்ந்தவர். நாற்பதாண்டு வாடகைக் கார் ஓட்டியவர். போர் முடிந்து பாதைகள் திறந்த பின்னர், தம் ஒரே மகளோடு வாழ்வதற்காக மாங்கேணிக்கு வந்தார். வரும்போது அவர் கொணர்ந்தவை ஒரு பெட்டி உடுப்பும், மாமியாரின் படமும், 1959இற் பதிவான மொறிஸ் மைனர் காரும் ஆகும். வழியெல்லாம் தாமே ஓட்டிவந்தார். பனிச்சங்கேணிப் பாலத்தைக் கடந்து அவர் வருவதைக் கண்ணாற் காணுமுன்னரே யாம் செவியாற் கேட்டோம்.

செவியாற் கேட்டோம் என்பது அலங்காரமன்று. மொறிஸ் மைனருக்கென ஒரு குரல் உண்டு. வேகத்தைத் தணிப்பதற்காகக் கால் மிதியை விடும்போது, பின்குழாயிலிருந்து உதடுகளைக் குவித்து ஊதினாற்போல 'புர்ர்' என்றோர் ஒலி எழும். இங்கிலாந்தில் இவ்வண்டியைப் போற்றுவோர் இன்றும் அவ்வொலியை நகைப்போடும் அன்போடும் குறிப்பிடுவர். அதன் காரணத்தை அறிய விரும்பி எஞ்சினை நுணுகி நோக்கினேன். நான்கு சிலிண்டர்கள் இருப்பினும் புகை வெளியேறும் வாயில்கள் மூன்றேயாம். முதலாவதற்கும் நான்காவதற்கும் தனித்தனி வாயில். நடுவிலுள்ள இரண்டும் ஒரே வாயிலைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆகவே புகை வரும் தாளம் சீராக இராது. அச்சீரின்மையை நீண்ட மெல்லிய குழாயும் சிறிய சைலன்சரும் ஒருவாறு தணித்து வெளிவிடும்போது பிறப்பதே அவ்வொலி என்பது என் முடிபு. குழாயின் விட்டத்தையோ சைலன்சரின் உள்ளமைப்பையோ மாற்றின் அக்குரல் மாறிவிடும். இதனை மனத்திற் கொள்க; பின்னர் இதற்குத் திரும்புவேன்.

இவ்வண்டியின் பெருமையை அறியாத இளைஞர்க்காக ஓரிரு வார்த்தை. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த மொறிஸ் மைனர் 1948இல் இலண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும்வரை பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதற் பிரித்தானியக் கார் இதுவே. 1956 முதல் 948 கன செ.மீ. கொள்ளளவும், 1962 முதல் 1098 கன செ.மீ. கொள்ளளவும் உடைய எஞ்சின்கள் இதிற் பூட்டப்பட்டன. எங்கள் வண்டி முன்னைய வகையினது. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டாற் கார் இறக்குமதி இறுகியமையால், பிற நாடுகளிற் பழைய இரும்புக் கடைக்குச் சென்றுவிட்ட மைனர்களும் ஒஸ்ரின் ஏ40களும் கேம்பிரிட்ஜ்களும் இலங்கையில் நீண்ட ஆயுள் பெற்றன. யாழ்ப்பாணத்திலோ அவை போர்க்காலம் முழுவதும் உழைத்தன.

1990இன் பின்னர் வடக்குக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டது. அப்போது அங்குள்ள சாரதிகள் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டினர். இதனை அறியாத மாணவர் இன்று பலர் உளர். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, எனவே பற்றாது. ஆதலின் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உயிர்ப்பித்து, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். மாமா சொல்வார்: "தம்பி, பெற்றோல் அப்ப மருந்து மாதிரி. ஊசிக்குழாயிலை அளந்துதான் விடுவம்." வீதி முழுவதும் புகை மண்டும், எஞ்சின் இடிக்கும், எரியாத எண்ணெய் வழிந்து கீழே உள்ள எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். ஆயினும் நோயாளர் வைத்தியசாலைக்குப் போயினர். மணமக்கள் கோவிலுக்குப் போயினர்.

மண்ணெண்ணெயை இவ்வெஞ்சின் ஏற்றுக்கொண்டதற்கு ஒரு காரணம் அதன் புகைக்குழாயிலேயே உள்ளது. புகை வெளியேறும் வார்ப்பிரும்பு மனிபோல்டும் கலவை உட்செல்லும் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று தழுவியவாறு அமைந்துள்ளன. வெளியேறும் புகையின் சூடு உட்செல்லும் கலவையைச் சூடாக்கும். குளிர்நாட்டிற் பெற்றோல் எளிதில் ஆவியாகும்பொருட்டுச் செய்த ஏற்பாடு அது. இங்கிலாந்தில் மண்ணெண்ணெய் சார்ந்த எரிபொருளில் ஓடிய பழைய உழவு இயந்திரங்களும் இதே உபாயத்தைக் கையாண்டவைதாம். ஒக்ஸ்போர்ட் நகரத்துப் பனிக்காக வார்த்த இரும்பு பருத்தித்துறைச் சாலையில் முற்றுகைக்குள் அகப்பட்டோர்க்கு உதவிற்று. அம்மனிபோல்டை வார்த்தவன் இதனைக் கனவிலும் கண்டிரான்.

மனிபோல்ட் பிழைத்தது, சைலன்சர் பிழைக்கவில்லை. அது பிழைக்கக்கூடிய பொருளுமன்று. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் உண்டாகின்றது. குழாய் முழுவதும் நன்கு சூடாகியிருந்தால் அந்நீர் ஆவியாக வெளியேறிவிடும். சந்தைக்கும் கோவிலுக்குமாகச் சிறு தூரம் ஓடி நிற்கும் வண்டியில், பின்னே உள்ள சைலன்சர் சூடாகுமுன் பயணம் முடிந்துவிடும். நீர் உள்ளேயே தங்கி, எரிபொருளிலுள்ள கந்தகத்தால் விளையும் அமிலத்தோடு சேர்ந்து தகட்டை உள்ளிருந்து தின்னும். மாங்கேணியிலோ ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. வாடைக்காற்று வீசும் மார்கழியில் உப்பு வெளியிலிருந்து தின்னும். இருபுறமும் தின்னப்படும் தகடு எத்தனை நாள் நிற்கும்?

1992இல் மாமாவின் வண்டியில் இருந்த சைலன்சர் உதிர்ந்து வீதியில் விழுந்தது. வாங்குவதற்கு எங்கும் இல்லை. ஊர்ப் பட்டறைக்காரர் ஒருவர் பழைய தண்ணீர்க் குழாயையும் எண்ணெய்ப் பீப்பாய்த் தகட்டையும் கொண்டு புதிதாக ஒன்று செய்து கொடுத்தார். உள்ளே செல்லும் குழாயில் ஆணியாலும் சுத்தியலாலும் துளையிட்டு, நடுவில் இரண்டு தட்டிகள் வைத்து, ஓரங்களை மடித்து ஒட்டியிருந்தார். துத்தநாகம் பூசிய குழாயை ஒட்டும்போது எழும் புகை நச்சுடையது. அதனை முகர்ந்து அவர் இரண்டு நாள் காய்ச்சலிற் கிடந்தாராம். கூலியாக வாங்கியது இரண்டு போத்தல் மண்ணெண்ணெய். அந்தச் சைலன்சர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. இடையிடையே ஒட்டுப் போட்டார்கள் என்பது உண்மை. பீப்பாயில் இருந்த ஆங்கில எழுத்துகளின் அச்சு இன்றும் அதன் வயிற்றிற் கிடக்கின்றது.

அதுவும் ஓட்டையாயிற்று. அப்போதுதான் யான் ஒரு பிழை செய்தேன். நகரத்துப் பட்டறை ஒன்றுக்கு வண்டியைக் கொண்டுசென்று, "ஏதாவது ஒன்று மாட்டிவிடுங்கள்" என்றேன். 'ஏதாவது' என்னும் சொல்லை இலக்கண வகுப்பிலும் யான் விரும்புவதில்லை. அன்று ஏன் அதனை மொழிந்தேன் என அறியேன். பளபளக்கும் அகன்ற வாய்ச் சைலன்சர் ஒன்றை மாட்டினார்கள். கூடவே, குழாயைத் தாங்கிநின்ற ரப்பர்ப் பட்டிகளை வெட்டியெறிந்து, இரும்புத் துண்டு கொண்டு வண்டியின் அடித்தளத்தோடு இறுக்கியும் விட்டார்கள். ஆடாமல் அசையாமல் இருப்பதே உறுதி என்று எண்ணினர் போலும். க.பொ.த. உயர்தர வகுப்பில் பயிலும் என் மகன் மட்டும் மிக மகிழ்ந்தான். அவ்வளவு முழக்கம்! மாமா பழைய சைலன்சரைச் சாக்கிற் சுற்றித் தம் மடியில் வைத்துக்கொண்டு, வீடு சேரும்வரை ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்.

அடுத்த ஆடி அமாவாசைக்கு அமிர்தகழி மாமாங்கேசுவரர் தீர்த்தத்துக்குக் குடும்பத்தோடு புறப்பட்டோம். மழைத்தூறல் காரணமாகக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டிருந்தோம். ஓட்டமாவடியைக் கடக்கும்போது மகளுக்குத் தலைவலி. ஏறாவூரை அணுகும்போது வாந்தி. மனைவி தனக்கும் கண் சொருகுகிறதென்றாள். பயணக் களைப்பென யான் எண்ணினேன். மாமாதான், "வண்டியை நிப்பாட்டு தம்பி, எல்லாரும் இறங்குங்கோ!" எனக் கூவினார். வீதியோரத்திற் காற்றாட அரைமணி நேரம் இருந்த பின் தெளிவு வந்தது. குனிந்து பார்த்தால், மனிபோல்டிலிருந்து கீழிறங்கும் குழாய் கழுத்தருகே பிளந்திருந்தது. எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின்மேல் இருப்பது. ஓடும்போது அது அசையும். அதனோடு புகைக்குழாயும் அசைந்தாக வேண்டும். குழாயைத் தரையோடு கட்டிவிட்டால் அசைவின் விசை முழுவதும் கழுத்தில் விழும், கழுத்து முறியும். முறிந்த வழியே வந்த புகை, கியர்ப்பெட்டி மூடியின் விளிம்பு வழியாக உள்ளே ஏறியிருக்கின்றது.

காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின், ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றோடு அதனைப் பிடித்துக்கொள்ளும் என்பதை எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் அன்று மாலை எனக்கு விளக்கினார். கேட்டுக்கொண்டிருக்கையில் என் கைகள் நடுங்கின. பழைய வண்டியை ஓட்டும் அன்பர்களே, வேறெதனை மறப்பினும் இதனை மறவாதீர். வண்டிக்குள் தலைவலி வந்தால் அது வெயிலால் வந்ததன்று என்றே முதலிற் கொள்க.

இனி வாதத்துக்கு வருவோம்.

வீட்டில் மூன்று கட்சிகள் என்றேனல்லவா? மகன், முழங்கும் சைலன்சரையே ரப்பர்ப் பட்டி கொண்டு முறையாக மாட்டலாம் என்றான். மாமா, தம் பீப்பாய்ச் சைலன்சரை ஒட்டுப் போட்டு மீண்டும் ஏற்ற வேண்டும் என்றார். யான், தொழிற்சாலையில் இருந்த வடிவத்திலேயே முழுவதையும் மீட்க வேண்டும் என்றேன். மகனின் கட்சியை எதிர்க்க எனக்கு நெடுநேரம் பிடிக்கவில்லை. ஊர் உறங்கும் வேளையில் முழக்கத்தோடு செல்பவன் தன் வருகையை அறிவிக்கின்றானேயன்றித் தன் வண்டியை அறிவிக்கின்றானல்லன். எந்த வண்டியிலும் அதே முழக்கந்தான். மாமாவின் கட்சியோ என்னை இரவெல்லாம் உறங்காமற் செய்தது.

ஏனெனில் அவர் கேட்டது இது: "மூலம் மூலம் எண்டு சொல்லுறியே தம்பி, எது மூலம்? இங்கிலீசுக்காரன் போட்டது நாலு வருசத்திலை உக்கிப்போச்சு. எங்கடையாள் செய்தது இருபத்தைஞ்சு வருசம் ஓடினது. இந்தக் காருக்கு எது சொந்தம்?"

இவ்வினாவை ஒரு தமிழாசிரியனிடம் கேட்டார் என்பதே வியப்பு. எது மூலம் என்பதே எம் துறையின் தலையாய வினா. சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை 1880களில் வீரசோழியத்தையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்தபோது, ஆசிரியன் தன் கைப்பட எழுதிய ஏடு அவர் முன் இருந்ததா? இல்லை. உ.வே. சாமிநாதையர் 1887இற் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோதும் இருக்கவில்லை. பனையோலையின் ஆயுள் சில நூற்றாண்டே. செல்லும் கறையானும் தின்னத் தின்ன, ஒருவர் படியெடுக்க, அதனை மற்றொருவர் படியெடுக்க, அவ்வாறே நூல் வாழ்ந்தது. ஓலை மூலமன்று, பாடமே மூலம். சைலன்சரும் ஓலை போன்றதே. 1959இல் இவ்வண்டியோடு பிறந்த சைலன்சர் இன்று எங்கும் இல்லை, இருக்கவும் முடியாது. அதனைச் செய்தவரே அது தேயும் பொருள், மாற்றப்படும் பொருள் என்று அறிந்துதான் செய்தனர். ஆகவே மூலத்தை மீட்டல் என்பது பழந்தகட்டைத் தேடுதலன்று. குழாயின் விட்டம், நீளம், வளைவு, அறைகளின் அமைப்பு, தொங்கும் முறை ஆகிய பாடத்தைப் பிழையின்றிப் படியெடுத்தலே. இப்படியாக மாமாவின் முதல் வினாவுக்கு விடை கண்டேன்.

எனினும் பீப்பாய்ச் சைலன்சர்? அதனை இடைச்செருகல் எனத் தள்ள என் மனம் ஒருப்படவில்லை. நல்ல பதிப்பாசிரியன் மாறுபட்ட பாடத்தைக் கிழித்தெறிவதில்லை, அடிக்குறிப்பிற் காட்டுகின்றான். படிப்பவன் அங்கே அந்நூல் கடந்துவந்த நாடுகளையும் நூற்றாண்டுகளையும் காண்கின்றான். உலகப் பழவண்டிச் சங்கங்களின் கூட்டமைப்பும் 2012இல் ஏற்ற துரின் சாசனத்தில், கட்டடப் பாதுகாப்புக்கான 1964ஆம் ஆண்டு வெனிசுச் சாசனத்தைப் பின்பற்றி, ஏறத்தாழ இதனையே கூறுகின்றது. வண்டி பிறந்த நாள் மட்டுமன்று, அது வாழ்ந்த வாழ்வும் அதன் வரலாறே. வாழ்நாளில் நேர்ந்த மாற்றங்களும் மதிக்கத்தக்கன என்பது அதன் கருத்து. அறிஞர் பலர் கூடி எழுதியதை மாமா மடியிற் சாக்கோடு உட்கார்ந்தே உணர்ந்திருந்தார்.

இதே வண்டியின் எண்பலகையைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1957 முதல் மோட்டார் வண்டிகளுக்குச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து விதிக்கப்பட்டது. 1958இல் தமிழர் அதன்மேற் தார் பூசினர். தமிழ் 'ஸ்ரீ' எழுதி மறியலுக்குச் சென்றோரும் உளர். எங்கள் வண்டியின் பலகை பலமுறை எழுதப்பட்டு அழிக்கப்பட்டு மீள எழுதப்பட்டது என்பார் மாமா. மூல வடிவிற்கு மீட்பதாயின் அப்பலகையில் எந்த எழுத்தை, எந்நாளின் எழுத்தை மீட்பது? சட்டம் ஒரு விடை கூறும். நினைவு வேறொரு விடை கூறும். புகைக்குழாய் விடயத்தில் யான் கண்ட தெளிவு எண்பலகை விடயத்தில் எனக்கு இன்னும் வரவில்லை.

புகைக்குழாயிலே மூல வடிவத்தை யான் வற்புறுத்துவதற்கு உயிர்ப் பாதுகாப்பு முதற் காரணம். ரப்பர்ப் பட்டியிலே தொங்குதல், மனிபோல்டும் குழாயும் கூம்பு வாயாற் பொருந்தி இரு பாதியான கிலாம்பினால் இறுகுதல், பின்குழாய் வண்டிக்கு வெளியே நீண்டு புகையை அப்பாற் போக்குதல் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு காரணம்பற்றி அமைந்தவை. காரணம் அறியாது மாற்றியவர் கையால் என் மகள் வாந்தியெடுத்தாள். அடுத்தது அக்குரல். அதனை நகைக்காதீர். எம் நாட்டவரான விபுலாநந்த அடிகள் மறைந்துபோன யாழின் உருவையும் நரம்பையும் பழைய நூற்குறிப்புகளைக் கொண்டு கணித்து மீட்க முயன்று, 1947இல் யாழ் நூலை அரங்கேற்றினார். தோன்றியவாறு ஒரு வாத்தியம் செய்துவிட்டு அதற்கு யாழ் எனப் பெயரிட அவர் உடன்படவில்லை. குழாயானாலும் நரம்பானாலும் அளவு மாறினால் ஒலி மாறும் என்பதை விஞ்ஞானமும் பயின்ற அவர் நன்கு அறிந்தவர். யாழோடு சைலன்சரை ஒப்பிடுதல் அபசாரம் என்பார் இருப்பின், அவர் முன் தலைவணங்குகின்றேன். கருத்தை மட்டும் மாற்றேன்.

எவர்சில்வர் என வழங்கும் கறளேறா உருக்கிற் செய்த சைலன்சர்கள் இங்கிலாந்தில் இவ்வண்டிக்கு விற்கப்படுகின்றன. உப்புக்காற்றில் வாழும் எமக்கு அதுவே தகுமென நண்பர் பலர் கூறினர். நாள்தோறும் வண்டி ஓட்டிப் பிழைப்பவர் அதனை வாங்குவதில் யான் குறை காணேன். ஆயினும் அதன் ஒலி சற்றே தகரத்தன்மை உடையது என்பர் கேட்டோர். அதனினும் முக்கியம், அது வெடித்தால் ஆகன் வாயுவைக் கொண்டு ஒட்ட வல்லவரையே தேட வேண்டும். மென்னுருக்குக் குழாயை வாகரை வீதியில் உழவு இயந்திரம் திருத்துபவரும் ஒட்டிவிடுவார். பழையதை விரும்புபவன் திருத்தக்கூடியதையே விரும்ப வேண்டும் என்பது என் துணிபு. மென்னுருக்கையே தெரிந்தேன். சில ஆண்டுகளில் மீண்டும் மாற்ற நேரும் என்பதையும் அறிவேன்.

வேலை நடந்தவாற்றைச் சுருக்கமாகக் கூறுவேன். மனிபோல்டைக் கழற்றுவதற்கு முன் ஒரு கிழமை நட்டுகளில் நாள்தோறும் எண்ணெய் விட்டோம். வார்ப்பிரும்பைச் சுத்தியலால் அடித்தால் மண்பானைபோற் பிளக்கும். ஆதலிற் பொறுமையே ஆயுதம். பழைய காஸ்கட்டுகள் செம்புத் தகட்டுக்கிடையே அசுபெசுத்து வைத்துச் செய்யப்பட்டவை. அதனை உலரச் சுரண்டினால் தூள் நுரையீரலிற் புகும். நனைத்து, முகத்தை மூடி, எடுத்துப் பையிலிட்டுக் கட்டினோம். மனிபோல்டின் காதொன்றில் முன்னரே வெடிப்பு இருந்தது. வாழைச்சேனையில் முதிய ஒட்டுக்காரர் ஒருவர் அதனை அடுப்பிற் சூடேற்றி, நிக்கல் குச்சியால் சிறிது சிறிதாக ஒட்டி, உமிச்சாம்பலுக்குள் ஓரிரவு புதைத்து ஆறவிட்டார். விரைவாகக் குளிர்ந்தால் அருகிலேயே புது வெடிப்பு விழுமாம். மீளப் பூட்டுகையில் பித்தளை நட்டுகளை இட்டோம். அவை இரும்போடு கறள்பிடித்து இறுகா. கீழிறங்கு குழாய், சைலன்சர், கிலாம்பு ஆகியவற்றை இலண்டனில் வாழும் எம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர் தம் பயணப் பொதியிற் கொணர்ந்து தந்தார். வழக்கமாகக் கொணரும் சொக்கலேற்றுக்கு இம்முறை இடமில்லாது போயிற்று என்று அவர் நகைத்தார். ரப்பர்ப் பட்டிகள் மட்டும் அளவாக அமையவில்லை. லொறி டயரின் கன்வசுப் பட்டையை வெட்டி மாமாவே செய்தார். மூலப் பாடத்தில் ஒரு சொல் எங்களுடையதாயிற்று.

உதிரிப்பாகங்களுக்காக இலண்டனை நோக்க வேண்டியதுதானா என்பர் சிலர். முன்னொரு காலத்தில் இதற்கு மறுதலையும் நிகழ்ந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், 1990களின் தொடக்கத்தில் இலங்கைத் தொழிலதிபர் ஒருவரோடு சேர்ந்து, அவ்வண்டிக்கான பாகங்களை இலங்கையிலே செய்விக்கத் தொடங்கினார். ஒரு காரை எறியாது தலைமுறைதோறும் திருத்திப் பயன்படுத்துவதே சிக்கனம் என்பது அவர் கொள்கை. தெற்கிலே அப்பாகங்கள் செய்யப்பட்ட அதே ஆண்டுகளில்தான் வடக்கிலே பீப்பாய்த் தகட்டில் ஆணியாற் துளையிட்டுக்கொண்டிருந்தார்கள். எம் நாட்டின் கதையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

கல்லூரிக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. இக்கட்டுரையை எழுதியதும் அதன்பொருட்டே. 2013 முதல் உயர்தர வகுப்பிற் தொழினுட்பத் துறை நடைபெறுகின்றது. அம்மாணவர் வரைதலும் அளத்தலும் கற்கின்றனர். அவர்கள் அளப்பதற்குப் பாடநூற் படங்களே போதுமா? எம் மாவட்டத்திலும் வடக்கிலும் முற்றுகைக் காலத்திலே கைவினைஞர் செய்த பொருள்கள், மண்ணெண்ணெயில் ஓடுதற்கான காபரேற்றர் மாற்றங்கள், தகரச் சைலன்சர்கள், துவிச்சக்கரவண்டி டைனமோவிற் பாடிய வானொலிகள் ஆகியவை வீடுகளின் பின்புறத்திற் கறளேறிக் கிடக்கின்றன. செய்தோர் எண்பதைத் தாண்டிவிட்டனர். 1978 சூறாவளியும் 2004 கடற்கோளும் போரும் எங்கள் கரையிலிருந்து எத்தனையோ பொருள்களைக் கொண்டுபோயின. எஞ்சியவற்றைப் பழைய இரும்பு வாங்குவோர் நிறுத்து எடுத்துச் செல்கின்றனர். மாணவர் அவற்றை அளந்து, வரைந்து, செய்தவரிடம் செய்முறை கேட்டெழுதி வைத்தால் அது ஒரு சுவடி நிலையமாகும். 2022இல் எரிபொருள் வரிசையில் நாட்கணக்கில் நின்றோமே, அன்று மண்ணெண்ணெயும் இன்றி எம் மீனவர் தோணிகளைக் கரையேற்றினரே, அவ்வேளையில் அந்த முதியவர்களிடம் கேட்க எவ்வளவோ இருந்தது. கேட்பாரில்லை. 2020இல் நின்ற கார் இறக்குமதி 2025இல் மீளத் தொடங்கியதும் பழையவற்றைப் பேணும் எண்ணம் இன்னும் குறையும் என அஞ்சுகின்றேன்.

பெரிய கட்டடம் வேண்டுமென்று யான் கேட்கவில்லை. ஆய்வுகூடத்தில் ஒரு தட்டுப் போதும். பழைய மாணவர் சங்கம் ஒரு கண்ணாடி அலுமாரி அளித்தால் இன்னும் நன்று.

மாமாவிடம் இதனைக் கூறியபோது அவர் உடனே உடன்படவில்லை. பீப்பாய்ச் சைலன்சரை மூன்று நாள் மண்ணெண்ணெயிற் கழுவினார். பின்னர்ச் சாக்கிற் சுற்றி என்னிடம் தந்து, செய்தவரின் பெயரையும் ஊரையும் ஒரு கடதாசியில் எழுதச் சொன்னார். எழுத்துப் பிழை இருக்கிறதா என இருமுறை வாசித்துப் பார்த்தார். கல்லூரிக்கு அதனைக் கொண்டுசெல்லும் நாளில், காயான்கேணி கழிந்து சந்தைப் பக்கம் வேகத்தைத் தணித்தேன். பின்னாலிருந்து 'புர்ர்' என்றது. வீதியோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் திரும்பிப் பாராமலே, "வாத்தியார்ர கார் வருகுது, வழி விடுங்க" என்றார்.